மேடு ஏறத் திணறும் பேட்டரி கார்: எட்டு பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். கோவைக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் ஒன்று வைத்திருக்கிறோம், கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அந்த மாதிரி. 6 வோல்ட் பேட்டரி எட்டு, வாங்கி மூன்றரை வருடம். காலையில் நன்றாக ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் வேகம் குறைந்து, மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து மேட்டு வீடுகளுக்கு ஏறும்போது ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகும், மறுபடி அதே கதை. ஒரு மெக்கானிக் எட்டு பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலர்தான் போய்விட்டது என்கிறார். சாயங்காலம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிட்டு இரவு முழுக்கச் சார்ஜ் போடுகிறோம். போன கோடையில் வண்டியில் இரண்டு சின்ன ஃபேனும் ஒரு பாட்டுப் பெட்டியும் மாட்டினோம், அதற்கு அப்புறமும் ஆறேழு மாதம் நன்றாகத்தான் ஓடியது. எதை மாற்றுவது?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பேட்டரிக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டாம், கண்ட்ரோலருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், உதவிக்கு ஓர் ஆள், அரை நாள் நேரம், இவ்வளவு இருந்தால் போதும், பணம் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடைசி வரியில் போகிற போக்கில் ஃபேன், பாட்டுப் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முழுவதும் அங்கேதான் நிற்கிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மெதுவாக ஓடுகிற பேட்டரி கார் யாருடையதாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காலையில் எடுத்த உடனேயே மெதுவா, அல்லது போகப் போக மெதுவா? எடுத்த உடனேயே, சமதளத்திலும் மேட்டிலும் ஒரே மாதிரி மெதுவாக ஓடினால் நான் பேட்டரியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஆக்சிலேட்டருக்குக் கீழே இருக்கும் சென்சார் முழு அழுத்தத்தையும் கண்ட்ரோலருக்குச் சொல்லாமல் இருக்கலாம், மோட்டாரின் முனையில் இருக்கும் வேக சென்சார் போயிருக்கலாம் (அது போனால் பல வண்டிகளில் கண்ட்ரோலர் தானாகவே பாதுகாப்புக்காக வேகத்தை ஆமை நடைக்குக் குறைத்துவிடும்), பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் வண்டி அப்படி இல்லை. காலையில் நன்றாக ஓடுகிறது, ஓட ஓடச் சோர்கிறது, மேட்டில் திணறுகிறது, ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறுகிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பேட்டரி, அல்லது பேட்டரியில் இருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள், இணைப்புகள், இவற்றில் ஒன்றுதான். கண்ட்ரோலர் சூடாகிக் குறைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது எனக்கு மூன்றாவது சந்தேகம்.

பத்து நிமிட ஓய்வில் ஏன் தேறுகிறது? வண்டி மேடு ஏறும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அப்போது தகடுகளுக்குள் இருக்கும் ஆசிட் வேகமாகத் தீர்ந்துபோகும், வெளியே இருக்கும் ஆசிட் உள்ளே ஊறிப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். வண்டியை நிறுத்தினால் அது ஊறி உள்ளே போகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கிளம்புகிறீர்கள். சக்தி குறைந்த பேட்டரியில் இது பளிச்சென்று தெரியும்.

அந்த இரண்டாவது மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நிறையப் பேர் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். நிற்கிற வண்டியில் மீட்டரை வைத்தார், 50 வோல்ட் சொச்சம் காட்டியிருக்கும், பேட்டரி நல்லது என்று முடிவு கட்டிவிட்டார். நிற்கிற பேட்டரி உண்மையைச் சொல்லாது தம்பி. நொந்துபோன பேட்டரிகூடச் சார்ஜில் இருந்து எடுத்த கையோடு அழகான எண்ணைக் காட்டும். லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மொத்த வோல்டேஜ் கீழே விழுந்தால் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் கண்ட்ரோலரே கரண்டைக் குறைத்துவிடும், அதற்காகத்தான் அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதாவது கண்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதாலேயே வண்டி மெதுவாகப் போகலாம். அதைக் கழற்றிப் புதுசு போட்டாலும் அதுவும் இதையேதான் செய்யும்.

மீட்டரைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் சக்கரத்துக்குக் கொடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை, உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். டோ ஸ்விட்ச் (வண்டியைக் கட்டி இழுக்கும்போது கண்ட்ரோலரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதை டோ நிலையில் வைத்துவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பிரேக் ஷூ உரசினால் காதுக்கே கேட்கும். ஓட்டி வந்த உடனே இரண்டு பின் டிரம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருக்கிறதா என்றும் தெரியும். மழை முடிந்த பருவத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறிப் பாதியில் நின்றுபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பேட்டரிக்கு வருவோம். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பேனர் ஒன்று இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் வெல்டிங் வைத்த மாதிரி பொறி பறக்கும், அதனால் ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும்.

முதல் நாள் இரவு முழுச் சார்ஜ் போட்டு, எடுத்த பிறகு ஆறு மணி நேரமாவது வண்டியை ஓட்டாமல், ஃபேனும் போடாமல் விட்டுவிடுங்கள். பேட்டரிகளுக்கு, மொத்தத்தின் பாசிட்டிவ் முனையில் தொடங்கி இணைந்திருக்கும் வரிசையிலேயே, சாக்பீஸால் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதுங்கள். நல்ல 6 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 6.37 வோல்ட்டை ஒட்டி நிற்கும், எட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 51. ஒரு பேட்டரி 6.1 காட்டினால் அது பாதிதான் நிரம்பியிருக்கிறது. நான்கு வோல்ட் சொச்சம் காட்டினால் அதில் இருக்கும் மூன்று செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. சீட்டைத் திறந்துவைத்து, மீட்டரின் இரண்டு வயரையும் கிளிப் போட்டு முதல் பேட்டரியில் மாட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பாருங்கள், இன்னொருவர் ஓட்டட்டும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு அந்தச் சாப்பாட்டுக் கூடத்து மேட்டிலேயே ஏறுங்கள் (பெரியவர்களை ஏற்ற வேண்டாம், வேலையாட்கள் வரட்டும்). முழு அழுத்தத்தில் எண் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று எழுதுங்கள். எட்டு பேட்டரிக்கும் எட்டு தடவை அதே மேட்டில் ஏற வேண்டும். காலையில் ஒரு சுற்று, வண்டி திணறத் தொடங்கிய பிறகு இன்னொரு சுற்று எடுத்தால் இன்னும் நல்லது. எட்டும் ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே அளவுக்கு ரொம்பக் கீழே இறங்கினால் முதல் மெக்கானிக் சொன்னது சரி, மொத்தமும் வயதாகிவிட்டது. ஆறு பேட்டரி 5.8 வோல்ட்டில் நிற்கிறது, இரண்டு மட்டும் 5.2-க்கு விழுகிறது என்றால் கதையே வேறு. ஒரு செல் 1.75 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது காலி என்று கணக்கு, 6 வோல்ட் பேட்டரிக்கு அது 5.25. எட்டும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் கரண்ட் எல்லாவற்றின் வழியாகவும்தான் போயாக வேண்டும், எட்டு பேர் கைகோத்து நடக்கும்போது ஒருவர் நொண்டினால் எல்லோரும் அவர் வேகத்துக்குத்தான் வருவார்கள்.

என் ஊகம் உங்களுக்கு இரண்டாவது விதமாகத்தான் வரும், அதிலும் விழுகிற இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், ஃபேனுக்குப் போகும் வயர் அந்த இரண்டில் இருந்துதான் கிளம்பும். போய்ப் பாருங்கள். ஃபேனும் பாட்டுப் பெட்டியும் 12 வோல்ட். எலக்ட்ரீஷியனுக்கு எளிதான வழி இரண்டு 6 வோல்ட்டைச் சேர்த்து அங்கே இருந்து 12 எடுத்துக்கொள்வது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், உடனே எந்தக் கெடுதலும் தெரியாது. ஆனால் இரண்டு ஃபேனும் பாட்டும் சேர்ந்து 5 ஆம்பியர் எடுக்கிறது, நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 40 ஆம்பியர்-ஹவர். இந்த வகை பேட்டரி ஒன்றின் கொள்ளளவே சுமார் 225 தான். ஆக அந்த இரண்டு பேட்டரி மட்டும் மற்ற ஆறையும்விடத் தன் கொள்ளளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காலியாகி ராத்திரி சார்ஜுக்கு வருகிறது.

சார்ஜருக்கு இது தெரியாது. அது பார்ப்பது எட்டின் மொத்த வோல்டேஜை மட்டும். ஆறு பேட்டரி நிரம்பி மொத்த வோல்டேஜை மேலே தூக்கியதும் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். பந்தியில் ஆறு பேர் சாப்பிட்டு முடித்ததும் பந்தி எழுந்துவிட்டால் தாமதமாக வந்த இரண்டு பேர் அரை வயிற்றோடுதானே எழ வேண்டும், அதே நிலைதான். இப்படித் தினமும் அரை வயிற்றோடு எழுந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், கொள்ளளவு மெதுவாகக் குறைந்துகொண்டே வரும். நீங்கள் எழுதியிருக்கிற அந்த ஆறேழு மாதம் இதற்குத்தான் போயிருக்கிறது. மாட்டிய மறுநாளே வண்டி நின்றிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதை உறுதி செய்ய ஹைட்ரோமீட்டர். பேட்டரிக் கடையில் கிடைக்கும், விலை பெரிதில்லை, 24 செல்லையும் பொறுமையாகப் பாருங்கள். முழுச் சார்ஜில் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, 1.275 பக்கத்தில் இருக்க வேண்டும், சில கருவிகளில் 1275 என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பேட்டரியில் கோளாறு. தண்ணீர் ஊற்றிய உடனே இதைப் பார்க்காதீர்கள், மேலே நிற்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சுவீர்கள், எண் தப்பாக வரும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம், நல்ல மனதோடு நல்ல பேட்டரியைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான் தம்பி. அதில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போய் உப்பு உள்ளேயே சேர்ந்துகொண்டு வரும். பேட்டரிக்கு என்று விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். அதையும் சார்ஜ் போடும் முன் ஊற்றாதீர்கள், சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் உயரும், முன்னாலேயே நிரப்பி வைத்தால் ஆசிட் வழிந்து வெளியே வந்துவிடும், நீங்கள் மறுநாளும் தண்ணீர் ஊற்றுவீர்கள், நாளாக ஆக உள்ளே இருக்கும் ஆசிட் நீர்த்துக்கொண்டே போகும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடலாம். குறைந்துபோனது ஆசிட்தானே என்று யாராவது ஆசிட் வாங்கி ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பேட்டரி தட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, இரும்பு அரித்திருக்கிறதா என்று பாருங்கள், வழிந்திருந்தால் அங்கே தெரியும். சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம், மூடியெல்லாம் இறுக்கி இருக்க வேண்டும், சோடா உள்ளே போகக் கூடாது.

கேபிளைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஏலகிரிப் பக்கம் ஒரு விடுதியில் இதே புகார், நான் கண்ட்ரோலரைச் சந்தேகப்பட்டு அரை நாள் அதையே பிரித்துக்கொண்டிருந்தேன். பேட்டரி எல்லாம் சரி, மோட்டார் கார்பன் சரி, வண்டி மட்டும் மேட்டில் ஏறவில்லை. கடைசியில் ஒரு கேபிளின் லக் (முனையில் இருக்கும் உலோக வளையம்), வெளியே பார்க்கப் புதுசு மாதிரி, ஸ்லீவை வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை பிடித்துப் பாதிக் கம்பி அறுந்திருந்தது. அன்றில் இருந்து மேடு ஏறி வந்த உடனே எல்லா கேபிளுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பதை நான் விட்டதே இல்லை. ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். மீட்டரிலும் பார்க்கலாம்: லோடில் ஓடும்போது ஒரே கேபிளின் இரு முனையிலும் வைத்து அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. காண்டாக்டரின் (பேட்டரியின் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இரண்டு பெரிய டெர்மினலுக்கு நடுவிலும் இதே மாதிரி பாருங்கள், பெடலை அழுத்தி ஓடும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் உள்ளே பாயிண்ட் தீய்ந்துவிட்டது. காண்டாக்டர் கண்ட்ரோலரைவிட எவ்வளவோ மலிவு.

இவ்வளவும் பார்த்து எல்லாம் நல்லது என்று வந்தால் மட்டும் கண்ட்ரோலர் பக்கம் போங்கள். அதுவும் மாற்றுவதற்கு இல்லை, அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தட்டில் சேறும் இலையும் அடைத்திருக்கிறதா, காற்று போகிறதா என்று பார்க்க. பல கண்ட்ரோலர்கள் 85 டிகிரி சூட்டில் கரண்டைக் குறைக்கத் தொடங்கும். கண்ட்ரோலரில் சின்ன விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தால் அது பழுதுக்கான குறி, எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

நான் நினைக்கிற மாதிரி அந்த இரண்டு பேட்டரிதான் என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வாய்ப்பு கொடுங்கள். டோ ஸ்விட்சை டோ நிலையில் வைத்து, இரண்டையும் மற்றவற்றில் இருந்து கழற்றி, இரண்டையும் சேர்த்து 12 வோல்ட் ஆக்கி, சாதாரண 12 வோல்ட் சார்ஜரில் 10 ஆம்பியர் அளவில் மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். மணிக்கு ஒரு தடவை கிராவிட்டி பார்த்து எழுதுங்கள். மூன்று தடவை தொடர்ந்து பார்த்தும் எண் ஏறவில்லை என்றால் அது ஏறக்கூடிய அளவு ஏறிவிட்டது. பேட்டரி 50 டிகிரிக்கு மேல் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். எல்லாச் செல்லும் 1.25-ஐத் தாண்டி வந்தால் திரும்ப மாட்டி, சார்ஜரில் ஈக்வலைஸ் வசதி (எல்லாச் செல்லையும் சமமாக நிரப்புவதற்கான கூடுதல் சார்ஜ்) இருந்தால் ஒரு தடவை போட்டு, மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ஆறேழு மாதத்துச் சல்ஃபேட் முழுவதும் கரையும் என்று நான் சொல்ல மாட்டேன், பாதி தேறினாலே உங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் சமாளிக்கும்.

தேறவில்லை என்றால் இரண்டு புதுசு வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். மூன்றரை வருடப் பேட்டரிகளுக்கு நடுவில் புதுசு போடுவது எனக்குப் பிடிக்காது, சில மாதத்தில் புதுசும் பழசின் நிலைக்கு இறங்கிவிடும், கொடுத்த பணம் வீண். மற்ற ஆறும் கிராவிட்டியில் நன்றாக இருந்தால் அதே கம்பெனி, அதே ஆம்பியர், ஏறக்குறைய அதே வயதில் உள்ள பழைய பேட்டரி இரண்டு தேடுங்கள், வாங்கும்போது லோடு சோதனை செய்து வாங்குங்கள். மற்ற ஆறும் 1.22, 1.23 என்று இழுத்துக்கொண்டிருந்தால் குடியிருப்பு நிர்வாகத்திடம் உண்மையைச் சொல்லி மொத்தமாக மாற்றப் பணம் கேளுங்கள், அந்த எழுதிவைத்த நோட்டைக் காட்டிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். பழைய பேட்டரிக்கு ஈயத்தின் எடைக்குப் பணம் உண்டு, ஒன்று 28 கிலோ வரை இருக்கும், எட்டுக்கும் சேர்த்துப் பேசி விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது இரண்டு பேராகத் தூக்குங்கள்.

எதைச் செய்தாலும் ஃபேன் வயரை அந்த இரண்டில் இருந்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பேட்டரியும் இதே வழியில்தான் போகும். ஆனால் ஃபேனையும் பாட்டையும் எடுத்துவிடாதீர்கள் தம்பி. சித்திரை வெயிலில் எண்பது வயது அம்மாவுக்கு அந்தச் சின்ன ஃபேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். 48 வோல்ட்டை 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் 10 ஆம்பியரில் ஒன்று வாங்கி, அதன் 48 வோல்ட் பக்கத்து வயரை முதல் பேட்டரியின் பாசிட்டிவிலும் எட்டாவது பேட்டரியின் நெகட்டிவிலும் கொடுங்கள், நடுவில் ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அப்போது எட்டும் சமமாகச் சுமை தாங்கும். சாவியை அணைத்தால் கன்வெர்ட்டரும் அணைகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால் ராத்திரியில் சும்மா இழுத்துக்கொண்டிருக்காது.

சோதனை முடியும்வரை வண்டியைக் காலை நேரத்துக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் மட்டும் ஓட்டுங்கள், நடுவில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் சார்ஜில் போட்டு வையுங்கள், மேட்டில் நாலு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். எட்டு பேட்டரியின் நிற்கும் வோல்டேஜ், மேட்டில் விழும் வோல்டேஜ், 24 செல்லின் கிராவிட்டி, ஃபேன் வயர் எந்த எண்ணில் இருந்து போகிறது, இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.